கலப்புக் கற்றல், முழு மனித வளர்ச்சி: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூருக்குப் பக்கத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். சில வருடங்களாக என் பாடத்தில் கொஞ்சத்தை வீடியோவிலும் மீதியை வகுப்பிலும் வைத்து நடத்திப் பார்க்கிறேன். இதற்குப் பெயர் கலப்புக் கற்றல், பிள்ளை முழு மனிதனாக வளரவும் இதில் இடம் இருக்கிறது என்று சொல்லிவருகிறேன். பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலிக்காரர்கள் என்று எல்லோரும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வராந்தாவில் நின்று அரைகுறையாகச் சொல்வதற்கு ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வரிசை என்று பெரிதாக எதுவும் இல்லை.

பிளெண்டட் லேர்னிங், கலப்புக் கற்றல் என்கிறீர்களே, கொரோனா காலத்தில் நடந்த ஆன்லைன் கிளாஸ்தானே அது?

இல்லை. அது வேறு வழியில்லாமல் நடந்தது. 2020 மார்ச்சில் கல்லூரியைப் பூட்டினார்கள், நாங்கள் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு, வகுப்பில் என்ன பேசுவோமோ அதையே திரைக்கு முன்னால் உட்கார்ந்து பேசினோம். அறுபது பெயர், அறுபது கறுப்புக் கட்டம். ஒருநாள் மைக்கைப் போடாமலே இருபது நிமிடம் தேய்மானக் கணக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன், ஒரு பிள்ளைகூட ‘சார், கேட்கலை’ என்று எழுதவில்லை. நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. சாமி விஷயம் 1981-இல் சரியாகிவிட்டது, ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். அந்த வரிசையில் மாணவன் இல்லாத வகுப்பையும் நாங்கள் சேர்த்த வருடம் அது.

கலப்புக் கற்றலில் கணக்கு வேறு. எதைத் தனியாக உட்கார்ந்து செய்துகொள்ள முடியுமோ, அதாவது கேட்பது, படிப்பது, புரியாவிட்டால் திரும்பக் கேட்பது, அதை வகுப்புக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும். எதற்கு இன்னொரு ஆள் எதிரில் இருக்க வேண்டுமோ அதற்கு வகுப்பை வைத்துக்கொள்ள வேண்டும். வீடியோவும் அனுப்பிவிட்டு வகுப்பில் வந்து அதையே மறுபடி நடத்தினால் பிள்ளைக்கு இரண்டு மடங்கு வேலை, வேறொன்றும் ஆகவில்லை.

40:60 என்று மீட்டிங்கில் பேசுகிறார்களே, அது என்ன?

இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். 2021 மே மாதம் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு கருத்துக் குறிப்பு வெளியிட்டது: ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை ஆன்லைனில் நடத்தலாம், மீதி 60 நேரில். அதே வருடம் மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தின் விதிமுறையும் திருத்தப்பட்டது: ஒரு செமஸ்டரில் 20 சதவீதப் பாடங்கள் வரை ஸ்வயத்தில் படித்து கிரெடிட் கொண்டுவரலாம் என்று இருந்தது 40 ஆனது. முதலாவது ஒரே பாடத்துக்குள் நேரத்தைப் பிரிப்பது. இரண்டாவது சில பாடங்களை முழுசாகவே வெளியில் படிப்பது. இரண்டிலும் ‘வரை’ என்று இருப்பதைக் கவனிக்க வேண்டும். என் பாடத்தில் 25-ஐத் தாண்டியதே இல்லை, தாண்டவும் தோன்றவில்லை.

இது யார் கண்டுபிடித்தது?

கண்டுபிடிப்பு என்றெல்லாம் சொல்ல முடியாது. ஆனால் எனக்குப் பிடித்த ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் வுட்லண்ட் பார்க் என்ற ஊர்ப் பள்ளியில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்று இரண்டு வேதியியல் ஆசிரியர்கள். விளையாட்டுப் போட்டி அது இது என்று பாதிப் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்விடுவார்கள், பாடம் தவறிப்போகும். அவர்களுக்காக 2007 வாக்கில் பாடத்தைப் பதிவுசெய்து போட ஆரம்பித்தார்கள். பிறகு, எல்லோருமே வீட்டில் பார்த்துவிட்டு வரட்டும், வகுப்பில் கணக்குப் போடலாம் என்று திருப்பிவிட்டார்கள். தொடக்கம் பஸ் பிரச்சினை, அவ்வளவுதான். ஒடுகத்தூரிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் முதல் பீரியட் முடிந்தபிறகு மூச்சு வாங்க ஓடிவருகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிற நமக்கு அது புரியாமல் போகாது.

மார்க் கூடுமா? நிரூபணம் உண்டா?

அமெரிக்கக் கல்வித்துறை 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. கலப்பு முறையில் படித்தவர்கள், வகுப்பில் மட்டும் படித்தவர்களைவிடச் சராசரியில் ஓரளவு நன்றாகச் செய்திருந்தார்கள். இந்த முறையை விற்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அறிக்கை நிறுத்தவில்லை: கலப்பு முறையில் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் கூடுதல் நேரமும் கூடுதல் பயிற்சியும் கிடைத்திருந்தது, அதனால் பலனைத் திரையின் கணக்கில் மட்டும் வரவு வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கூட நேரம் படித்தால் கூட வரும், எங்கள் பாட்டியும் அதைத்தான் சொன்னாள்.

வீடியோ எவ்வளவு நீளம் இருக்கலாம்?

நான் முதலில் போட்டது 48 நிமிடம். பெருமையாகத்தான் போட்டேன். கடைசி நிமிடம் வரை பார்த்தவர்கள் நாலு பேர், அதில் ஒருவன் தூங்கிவிட்டதால் ஓடிக்கொண்டே இருந்ததாம், அவனே வந்து சொன்னான். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்டதை வைத்து 2014-இல் வந்த ஓர் ஆய்வு, ஆறு நிமிடத்துக்கு மேல் போனால் கவனம் சரிகிறது என்றது. இப்போது ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு கருத்து, ஒன்பது நிமிடம் என் உச்சவரம்பு. ஸ்டுடியோ எதுவும் வேண்டாம். ஆனால் ஃபேனை நிறுத்த வேண்டும், மே மாதத்து வேலூரில் ஃபேனை நிறுத்திவிட்டு ஒன்பது நிமிடம் பேசிப் பார்த்தால் சுருக்கமாகப் பேசுவது எப்படி என்று தானாகவே வந்துவிடும்.

வீட்டில் ஒரே போன். அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். நான் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் யாராவது கலப்புக் கற்றல் என்று பேச வந்தால் நம்பாதீர்கள். 2021-இல் ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளைக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது. நல்ல காரியம். டேட்டா வந்தது, ஆனால் பீஞ்சமந்தை மலைக்கு சிக்னலும், குடியாத்தத்தில் பீடி சுற்றிக்கொண்டிருக்கிற வீட்டில் தனியாக உட்கார ஒரு மூலையும் அதோடு சேர்ந்து வரவில்லை. பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. போன் இருந்தாலும் ராத்திரி அதைக் கையில் வைத்திருந்தால் கேள்வி வரும், அண்ணனுக்கு அந்தக் கேள்வி வராது.

நான் செய்வது இவ்வளவுதான். வீடியோவோடு ஆடியோவைத் தனியாகவும் கொடுக்கிறேன், ஒன்பது நிமிட ஆடியோ நாலரை எம்பிக்குள் அடங்கும். கல்லூரி வைஃபையில் இறக்கிக்கொண்டு போகலாம். ஜோலார்பேட்டை பக்கமிருந்து பாசஞ்சரில் வருகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள், காட்பாடி வருவதற்குள் இரண்டு தடவை முடிந்துவிடுகிறதாம். அதுவும் முடியாதவர்களுக்கு அதே விஷயம் இரண்டு பக்கத் தாளில், ஜெராக்ஸ் கடையில் விலை தெரிந்ததுதானே. முன்கூட்டியே தெரிந்துவர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. திரையில்தான் பார்க்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை.

பார்க்காமலேயே வகுப்புக்கு வந்து உட்கார்ந்தால்?

வருவார்கள். முதல் மாதம் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். அந்த நேரத்தில் இரக்கப்பட்டு ‘சரி, ஒரு தடவை சுருக்கமாகச் சொல்கிறேன்’ என்று ஆரம்பித்தீர்களோ, முடிந்தது. பார்த்துவிட்டு வந்தவன் ஏமாளி ஆகிவிடுவான். நுழைந்தவுடன் ஐந்து சின்னக் கேள்வி, புத்தகத்தை மூடிவைத்து, மார்க் இல்லாமல். இது மிரட்டலுக்காக இல்லை. ரோடிகர், கார்பிக் என்று இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் ஒரு சோதனை செய்து காட்டினார்கள்: ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்துகிறார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டாலோ நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்துகிறார்கள். படிக்காமல் வந்தவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து தாளை வைத்துப் படித்துவிட்டுச் சேர்ந்துகொள்ளலாம். இரண்டாவது மாதத்தில் பின்வரிசை காலியாகிவிடும், முழுசாக இல்லாவிட்டாலும்.

அப்புறம் வகுப்பில் என்னதான் செய்வீர்கள்? சும்மா பேசிக்கொண்டிருப்பதா?

ஆமாம், பேசிக்கொண்டிருப்பதுதான், ஆனால் பேசுவது அவர்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய ஒரு முறை இருக்கிறது. ஒரு கேள்வி போடுவார், எல்லோரும் தனித்தனியாக விடையைத் தேர்வு செய்வார்கள், பிறகு பக்கத்து ஆளிடம் ‘நீ ஏன் அப்படிச் சொன்னாய்’ என்று வாதாடிவிட்டு மறுபடி தேர்வு செய்வார்கள். கருவி எதுவும் வேண்டாம். நம் வகுப்பில் விரலைக் காட்டினால் போதும், ஒன்று, இரண்டு, மூன்று. வாத்தியார் சொன்னால் புரியாதது பக்கத்தில் உட்கார்ந்தவன் ‘டேய், அது அப்படி இல்லடா’ என்றால் புரிந்துவிடுகிறது. போன வாரம்தான் அவனுக்கே புரிந்திருக்கிறது, எங்கே தடுக்கும் என்று இன்னும் மறக்கவில்லை.

சரி, முழு மனித வளர்ச்சி என்கிறீர்களே. பர்சனாலிட்டி டெவலப்மென்ட் வகுப்புதானே?

டை கட்டுவது, கை குலுக்குவது, ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்றால் மூச்சு விடாமல் ஒப்பிப்பது. அதற்கு எதிரி இல்லை நான், வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அதுவும் வேண்டியிருக்கிறது. அதை முழு மனிதன் என்று சொல்லும்போதுதான் சிரிப்பு வருகிறது. 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி தலையையும் கையையும் இதயத்தையும் சேர்த்தே வளர்க்க வேண்டும் என்றது. 1996-இல் யுனெஸ்கோவுக்காக டெலோர்ஸ் குழு கொடுத்த அறிக்கை நான்கு தூண் என்றது: அறியக் கற்பது, செய்யக் கற்பது, சேர்ந்து வாழக் கற்பது, தானாக இருக்கக் கற்பது. முதல் தூணுக்கு நாம் வாரம் முப்பது பீரியட் ஒதுக்குகிறோம். மற்ற மூன்றுக்கும் சேர்த்து ஆண்டுவிழா.

இவ்வளவு சுற்றி வந்தது இந்த இடத்துக்காகத்தான். முழு மனித வளர்ச்சி என்று தனியாக ஒரு பேப்பர் வைத்தால் அதற்கும் கைடு வந்துவிடும், இரண்டு மார்க் கேள்வி வந்துவிடும். வீடியோவுக்குப் போன பாடம் மிச்சம்வைத்துக் கொடுக்கிற அந்த நேரம் இருக்கிறதே, அதில் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் அது நடக்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப்பதிவியலில் போய் இதயத்தை எங்கே வைப்பீர்கள்?

ஒன்றைச் சொல்கிறேன். வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று ஒரு பாடம், பிளஸ் ஒன்னிலேயே வந்துவிடும். நம் ரொக்க ஏட்டில் இருக்கும் வங்கி இருப்பும் பாஸ்புக்கில் இருக்கும் இருப்பும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று காரணம் கண்டுபிடிக்கிற கணக்கு. ஃபார்மட் மனப்பாடம் செய்து பத்து மார்க் வாங்கிவிடலாம், பாஸ்புக்கையே பார்க்காமல். அந்த ஃபார்மட்டை வீடியோவில் போட்டுவிட்டேன். வகுப்புக்கு வரும்போது வீட்டில் யாராவது மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால், அவர்கள் சம்மதித்தால், ரொக்க ஏட்டின் ஒரு பக்கத்தையும் பாஸ்புக்கின் ஒரு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துக் கொண்டுவரச் சொன்னேன்.

பதினோரு பேர் கொண்டுவந்தார்கள். ஒரு மாணவியின் அம்மா இருக்கும் குழுவில் ஏட்டில் 24,310 ரூபாய், பாஸ்புக்கில் 24,256 ரூபாய் 90 காசு. ஐம்பத்து மூன்று ரூபாய் பத்துக் காசு இடிக்கிறது. மூன்று பேர் உட்கார்ந்து வரிக்கு வரி டிக் அடித்துக்கொண்டே வந்தார்கள். வட்டி வரவை ஏட்டில் எழுதியிருந்தார்கள், அது பிரச்சினை இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி விரலை வைத்தாள்: 17.70. இன்னொரு பக்கத்தில் மறுபடி 17.70. மறுபடி ஒன்று. எஸ்எம்எஸ் கட்டணம், 15 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், காலாண்டுக்கு ஒரு தடவை. மூன்று காலாண்டு, 53.10. பாஸ்புக் அச்சில் அது மங்கலாக, ஒரு சுருக்கெழுத்தோடு இருந்தது. குழுவில் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை.

பாடம் அங்கே முடிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு முடியவில்லை. அந்த ஐம்பத்து மூன்று ரூபாய்க்காகக் குழுவின் கணக்கை எழுதும் ஊக்குநர் மேல் ஜாடைப் பேச்சு ஓடிக்கொண்டிருந்ததாம், ஊக்குநர் பக்கத்து வீட்டுக்காரர், பேச்சில் இவள் அம்மாவும் உண்டு. கணக்கைக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். அம்மாவை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்காமல், ஊக்குநருக்கு ‘உனக்கு எழுதத் தெரியலை’ என்று படாமல், இருபது வயதுப் பெண் எப்படிச் சொல்வது? அடுத்த வகுப்பில் அதையே எடுத்துக்கொண்டோம். இரண்டு பேரைக் குழுப் பெண்களாக உட்கார வைத்து அவள் பேசிப் பார்த்தாள். முதல் தடவை வாத்தியார் மாதிரி பேசினாள், எல்லோரும் சிரித்தோம். பின்வரிசைப் பையன் ஒருவன் சொன்னான்: ‘பேங்க்ல புடிச்சிருக்காங்க, நம்ம யாரும் எடுக்கல, அதை முதல்ல சொல்லிடு.’ அந்த ஒரு வரி எந்த ஃபார்மட்டிலும் இல்லை. அவள் போய்ச் சொன்னாள், எடுபட்டது. திரும்பி வந்து, ‘எழுதறது உடனே வந்துடுச்சு சார், சொல்றதுதான் கஷ்டமா இருந்துச்சு’ என்றாள்.

இதற்கு எனக்கு இரண்டரை பீரியட் செலவானது. கரும்பலகையில் ஃபார்மட் எழுதிக்கொண்டிருந்திருந்தால் அந்த இரண்டரை பீரியட் கிடைத்திருக்காது.

மற்ற துறைகளில் இப்படி யாராவது செய்கிறார்களா?

ரொம்ப தூரம் போக வேண்டாம், பாகாயம் வரை போனால் போதும். கிறித்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் மருத்துவ மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்து, வீடு வீடாகப் போய்க் குடும்பங்களின் நிலையைக் கேட்டறியச் செய்யும் வழக்கம் பல காலமாக உண்டு. நோயாளி எந்த வீட்டிலிருந்து வருகிறார் என்று தெரிந்த டாக்டர் வேறு மாதிரி மருந்து எழுதுவார். வணிகவியலுக்கும் வரலாற்றுக்கும் அதே அளவு வசதி நம்மிடம் இல்லைதான். ஆனால் நேதாஜி மார்க்கெட்டும் ஆம்பூர்த் தோல் தொழிலும் குடியாத்தத்துக் கைத்தறி லுங்கியும் பஸ் தூரத்தில்தானே இருக்கின்றன.

அதற்குத்தான் என்.எஸ்.எஸ்., நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறதே?

இருக்கிறது. 1969 செப்டம்பர் 24-இல், காந்தி நூற்றாண்டின்போது தொடங்கியது, இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம். நன்றாக நடக்கும் இடத்தில் பிள்ளைகள் உருமாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நடக்காத இடத்தில் துடைப்பத்தோடு போட்டோ. படிக்கிற பாடத்துக்கும் முகாமுக்கும் ஒரு நூல்கூட இழுத்துக் கட்டாமல் விட்டுவிடுவதுதான் என் குறை. கணக்குப் படிக்கும் பிள்ளையை அந்த ஊர்ப் பால் சொசைட்டியின் கணக்கைப் பார்க்க விடலாமே, ஏழு நாளும் முள்செடி வெட்டச் சொல்வானேன்?

என்பிடெல்லில் சேரலாமா சார்?

சேருங்கள். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடங்கள் அவை, சேரவும் படிக்கவும் காசு வேண்டாம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழுக்கு முறையே 10-ம் 30-ம் வாங்கியாக வேண்டும். 12 வாரப் பாடத்தில் நீங்கள் நன்றாகச் செய்த எட்டு அசைன்மென்ட்டை எடுத்துக்கொள்வார்கள். தனியாகச் சேராதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன். நாலு பேராகச் சேர்ந்து வாரம் ஒரு மணி நேரம் லைப்ரரியில் உட்காருங்கள். தனியாகச் சேர்ந்தவர்கள் மூன்றாவது வாரத்தில் காணாமல் போவதைத் தவறாமல் பார்க்கிறேன். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து கல்லூரிக்குள்ளேயும் திறன் பாடங்கள் நடக்கின்றன, இரண்டையும் ஒரே செமஸ்டரில் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

தமிழ் மீடியத்திலிருந்து வந்தேன். வீடியோ எல்லாம் ஆங்கிலத்தில் வேகமாக ஓடுகிறது.

வீடியோவில் நிறுத்தலாம், வகுப்பில் என்னை நிறுத்த உனக்குக் கூச்சமாக இருக்கும். அந்த வகையில் உனக்குத்தான் இது லாபம். முக்கால் வேகத்தில் ஓடவிடு. என்பிடெல்லில் பல பாடங்களுக்குத் தமிழிலும் எழுத்து வடிவம் உண்டு. என் வீடியோவை நான் தமிழில் பேசி, சொற்களை மட்டும் ஆங்கிலத்திலும் எழுதிக் காட்டுகிறேன், தேர்வுத் தாளில் அப்படித்தான் வரும் என்பதால்.

பையன் எந்நேரமும் போனிலேயே இருக்கிறான், கேட்டால் காலேஜ் வீடியோ என்கிறான்.

அம்மா, என் வீடியோ ஒன்பது நிமிடம், வாரத்துக்கு இரண்டு. மீதி அவன் கணக்கு. சந்தேகமாக இருந்தால் ‘இன்னைக்கு என்னடா பார்த்தே, எனக்குச் சொல்லு’ என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னான் என்றால் பார்த்திருக்கிறான்.

அசைன்மென்ட்டை எல்லாம் சாட்ஜிபிடியில் எழுதிவிடுகிறார்களே?

எழுதட்டும். தாளைத் திருத்துவதைக் குறைத்துக்கொண்டு, ஆளைக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் கேட்கிறேன்: மூன்றாவது பத்தியில் ஒரு வார்த்தை இருக்கிறதே, அதற்கு நம் ஊரில் ஓர் உதாரணம் சொல். சொல்பவனுக்கு மார்க். அறுபது பேருக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது, தாள் திருத்தவும் அதே நேரம்தான் ஆகிக்கொண்டிருந்தது.

ஆசிரியராகக் கேட்கிறேன், எங்கிருந்து தொடங்குவது?

ஐந்து யூனிட்டில் ஒன்றை மட்டும் எடுங்கள். வருடா வருடம் நீங்கள் ஒரே வார்த்தையில் திரும்பச் சொல்கிற பகுதி எதுவோ, சொல்லும்போது உங்களுக்கே கொட்டாவி வருமே, அதுதான் வீடியோவுக்குப் போக வேண்டியது. பிள்ளைகள் வழக்கமாகத் தப்பு செய்கிற பகுதியை அனுப்பாதீர்கள், அது வகுப்புக்கு வேண்டும். இன்டர்னல் 25-இல் ஐந்து மார்க்கையாவது வகுப்பில் செய்த வேலைக்கு ஒதுக்க ஹெச்.ஓ.டி.யிடம் முன்பே பேசிவிடுங்கள், மார்க் இல்லாத வேலையை இரண்டாவது வாரத்துக்குமேல் யாரும் செய்ய மாட்டார்கள், அவர்கள் இடத்தில் நாம் இருந்தாலும் அப்படித்தான். ஜோடி சேர்த்துப் பேச வைக்கும் வகுப்பை மதியத்துக்கு முன்னால் வையுங்கள், வெயிலேறிவிட்டால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே யாரோடும் யாரும் வாதாட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை மட்டும் தொடவே வேண்டாம், பஸ்ஸுக்கு எல்லோரும் அப்போதே பையை மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பார்கள்.